மீன் என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்செந்தூர், ராமேஸ்வரம் பக்கம் பெரிய கடல் உயிரினம் ஏதாவது கரை ஒதுங்கினால் உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. அதற்கு நன்றி. ஆனால் தலைப்பில் 'ராட்சத திமிங்கல மீன்' என்று போட்டுவிடுகிறீர்கள். அது எந்த வகை, உயிரோடு ஒதுங்கியதா, செத்து ஒதுங்கியதா என்ற விவரம் பல நேரம் இருப்பதில்லை. சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். எங்கள் பிள்ளைகள் கடலைப் பார்ப்பதே அபூர்வம். திமிங்கலம் பாலூட்டி என்று பரீட்சையில் எழுதிவிட்டு, மறுநாள் பேப்பரில் மீன் என்று படித்தால் அவர்கள் எதை நம்புவார்கள்?

ஏற்காட்டில் நடமாடும் காட்டுமாட்டைச் செய்தியில் காட்டெருமை ஆக்குவது போலத்தான் இதுவும். மலையில் இருப்பவர்களுக்கு அது எப்போதும் காட்டுமாடுதான்.

படத்தில் வால் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீனின் வால் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் அசையும். திமிங்கலம், ஓங்கில் என்கிற டால்பின், கடற்பன்றி ஆகிய மூன்றுக்கும் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். செவுள் கிடையாது, தலை உச்சியில் உள்ள துளை வழியாகக் காற்றைத்தான் சுவாசிக்கும். திமிங்கலச் சுறா மட்டும் உண்மையிலேயே மீன். பெயரில் திமிங்கலம் இருப்பதால் அதையும் இவற்றோடு சேர்த்துவிடக் கூடாது.

நம் கடலில் உள்ள கடற்பன்றிக்கு முதுகுத் துடுப்பு கிடையாது, ஓங்கிலுக்கு இருப்பது போல நீண்ட மூக்கும் கிடையாது. ஆகவே அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதும் பெரிய கஷ்டமில்லை.

2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே மணப்பாடு, கல்லாமொழி கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 40-க்கும் மேல் செத்துப்போயின. 1973-லும் அதே கரைப் பகுதியில் இப்படி நடந்திருக்கிறது. பெயரில் திமிங்கலம் என்று இருந்தாலும் இவை ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. மீனவர்கள் பாடுபட்டுக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டும் பல திரும்பக் கரைக்கே வந்தன. 'கொலைகாரத் திமிங்கலம்' என்று எழுதப்படும் ஓர்காவும் அதே குடும்பம்தான்.

பெயரைச் சரியாக எழுதச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் ஏராளம். கரையில் ஓர் ஓங்கில் துடித்துக்கொண்டிருந்தால், மீன் என்று நினைப்பவர் என்ன செய்வார்? தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது என்று தலையில் குடம் குடமாக ஊற்றுவார். அது மூச்சுத்துளைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உண்மையில் அதற்கு வரும் ஆபத்து உடல் சூடேறுவதாலும், பெரிய உடலாக இருந்தால் அதன் கனமே உள்ளுறுப்புகளை நசுக்குவதாலும்தான். ஈரத் துணி போட்டு, துளையை விட்டுவிட்டு மற்ற இடத்தை நனைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. பக்கத்தில் நின்று செல்பி எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. மூச்சுக்குத் திணறும் உயிர் அது.

அப்புறம், 'திமிங்கல வாந்தி' செய்திகள். வாந்தி என்று நீங்கள் எழுதும் அம்பர்கிரிஸ் எல்லாத் திமிங்கலத்திடமும் கிடைப்பதில்லை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில், அது தின்னும் கணவாய்களின் செரிக்காத அலகுகளைச் சுற்றி உருவாவது. அதை விற்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தியில் 'பல கோடி' என்பதைக் கொட்டை எழுத்திலும் சட்டத்தைக் கடைசி வரியிலும் போட்டால், படிக்கிற இளைஞனுக்கு எது மனதில் நிற்கும்? தயவுசெய்து இதை மாற்றி எழுதுங்கள்.

உங்கள் கடலோர நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். வனத்துறை அதிகாரியிடமோ கடல்சார் ஆய்வாளரிடமோ வகையின் பெயரைக் கேட்டுப் போடட்டும். தெரியவில்லை என்றால் 'வகை உறுதியாகவில்லை' என்றே எழுதட்டும். உயிரோடு ஒதுங்கிய செய்தி என்றால், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு மூன்று வரிகளையும் வனத்துறையின் தொலைபேசி எண்ணையும் படத்துக்குக் கீழேயே கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்