இரண்டு சென்சார் மாற்றியும் அணையாத செக் எஞ்சின் விளக்கு

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2003 மாடல் காரின் புகைக் கட்டுப்பாட்டு மின்பழுது தொடர்பாக நான்காவது புகார்

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்ற ஒரே பதில்தான் வந்தது. இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடு (கோடு) பி0135. வண்டியைச் செய்தவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரில், அதைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் பழுது. கவனியுங்கள், சர்க்யூட்டில்! சென்சார் கெட்டுப்போனது என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. ஃபியூஸ், வயர், கனெக்டர், எதில் கோளாறு என்றாலும் அதே கோடுதான் வரும். உங்கள் சர்வீஸ் சென்டரில் நேராகச் சென்சாரை மாற்றினார்கள். விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி சென்சாரையே மாற்றினார்கள்.

மூன்றாம் முறை போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. லீவு போட்டு, காலை ஒன்பது மணிக்கு வண்டியை விட்டு, மாலை ஆறு வரை உட்கார்ந்திருந்தேன். செய்த வேலை? அந்தக் குறியீட்டை அழித்தது மட்டும். இந்தப் பழுதை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பார்த்த பிறகுதான் வண்டியின் கணினி விளக்கைப் போடும் என்பதால், அவர்கள் வாசலைத் தாண்டும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் பழைய கதை. இதற்கிடையில் கோடு அழிந்ததால் கணினியின் சுயபரிசோதனை முடிவுகளும் அழிந்து, புகைச் சோதனைக்குப் போன இடத்தில் “இன்னும் ரெடி ஆகவில்லை” என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் அந்த சர்வீஸ் அட்வைசர். தலையை நிமிர்த்தாமல், “இருபது வருஷ வண்டிக்கு இவ்வளவு அக்கறையா? வித்துட்டுப் புதுசு வாங்குங்க சார்” என்றார். வயரைச் சோதித்தீர்களா என்று கேட்டதற்கு, “பன்னிரண்டு வோல்ட் வருது, நீங்க மெக்கானிக்கா?” என்றார். நான் மெக்கானிக் இல்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்!

கடைசியில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். சென்சார் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் பன்னிரண்டு வோல்ட் காட்டியது, உண்மைதான். அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டியதும் ஐந்து வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. வயர்க் கட்டின் (ஹார்னஸ்) டேப்பைப் பிரித்தால், உள்ளே ஒரு ஜாயின்ட் பச்சைக் களிம்பு பிடித்து இற்றுக் கிடக்கிறது. மீட்டர் கரண்ட் இழுக்காது, ஹீட்டர் இழுக்கும். பல்பு மாதிரி கரண்ட் இழுக்கும் லோடு கொடுத்துப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது. வயரிங் வரைபடத்தை வைத்திருக்கும் உங்களுக்கு இது தோன்றவில்லையா?

சென்சார் சூடேறத் தாமதமாகி, அதுவரை பெட்ரோலைக் குடித்தது வண்டி. என் மூன்று மாதத் தூக்கத்தையும் குடித்துவிட்டது. இந்தக் காரால் என் வாழ்க்கையே நின்றுபோனது என்றால் மிகையில்லை.

தயவுசெய்து, இரண்டு சென்சார்களுக்கும் வாங்கிய தொகையையும் கூலியையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். அந்த அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸ், அதற்கடுத்து நுகர்வோர் வழக்கு. அந்த நிலைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

இப்படிக்கு,
பொறுமையிழந்த வாடிக்கையாளர்

பி.கு.: கழற்றிய பழைய சென்சார்களைக் கேட்டபோது “குப்பையில் போட்டாச்சு” என்றார்கள். கெடாத சென்சாரை எந்தக் கணக்கில் குப்பையில் போட்டீர்கள் என்பதற்கும் பதில் வேண்டும்.