மகிழமரத்தோடு பையையும் புதைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்: ரசீதில் உள்ள பெயர், முகவரி (ஆதம்பாக்கம், சென்னை)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, நாற்றுப்பண்ணை

பொருள்: பட்டுப்போன மகிழமரத்துக்குப் பணம் திரும்பக் கேட்பது தொடர்பாக

வணக்கம்.

கடந்த ஜூலையில் உங்கள் பண்ணையில் ஆறடி உயர மகிழமரம் ஒன்று வாங்கினேன். மரம், வண்டி வாடகை, நடுகூலி எல்லாம் சேர்த்து ரூ. 4,800. ஓராண்டுக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவோம் என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறீர்கள். நான்கே மாதத்தில் பட்டுப்போனது. கேட்டால், "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க மேடம், அதுக்கு கேரண்டி கிடையாது" என்று போனிலேயே கதையை முடித்துவிட்டார்கள்.

எங்கள் வாசலில் முன்பு குல்மோஹர் நின்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மதில்மேல் சாய்ந்து, மதிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. அடுத்து வைப்பது காற்றுக்குத் தாங்கும் வைரம் பாய்ந்த மரமாக இருக்கட்டும் என்றுதான் மகிழத்தைத் தேடினேன். மெதுவாக வளரும் என்பது தெரியும். என் பிறந்த வீடு திருவொற்றியூர். அங்கே கோயிலின் தலமரமே மகிழம்தான். விடிகாலையில் தரையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கிக் கோத்தவள் நான். வாடிச் சருகானாலும் மணம் போகாத பூ அது.

உங்கள் ஆட்கள் இருவர் நட வந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். மாமியார்தான் கூட நின்றார். குழி ஒன்றரை அடிகூட இருக்காது என்கிறார். "பையைக் கிழிக்கலியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "அதுவே மக்கிடும் பாட்டி" என்று சொல்லி மண்ணைத் தள்ளி, ஒரு மூங்கில் கம்பைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இருபது நிமிட வேலை.

அக்டோபரில் இலை நுனி கருகத் தொடங்கியது. போன் செய்தேன், வேப்பம் பிண்ணாக்கு போடச் சொன்னார்கள். போட்டேன். அப்புறம் இலை மொத்தமும் பழுப்பாகிக் கொட்டியது. நவம்பர் மழையோடு அடித்த காற்றில் மரம் கம்போடு சேர்ந்து சாய்ந்துவிட்டது.

சரி, என்னதான் ஆயிற்று என்று கடப்பாரை போட்டுத் தோண்டினோம். கறுப்புப் பிளாஸ்டிக் பை போட்டது போட்டபடி இருந்தது. அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சேறு, சாக்கடை நாற்றம். பையை வெட்டியதும் வேர்கள் தேங்காய்க்கயிறு சுருட்டி வைத்ததுபோல் வட்டம் வட்டமாக வந்தன. விரல் பருமனில் ஒரே ஒரு வேர் மட்டும் பையின் ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. அதுவும் ஓட்டை விளிம்பில் இறுகி, கழுத்து நெரித்த மாதிரி ஒடுங்கிப் போயிருந்தது.

மெதுவாக வளரும் மரத்துக்கு நான்கு மாதத்தில் வேர் இவ்வளவு சுருளாது. உங்கள் பண்ணையிலேயே பல வருடம் அதே பையில் கிடந்திருக்க வேண்டும். உங்கள் துண்டறிக்கையில் போட்டிருந்தபடி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மழை வந்ததும் நிறுத்திவிட்டேன். ஆதம்பாக்கத்துக் களிமண்ணில் அதுவே கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிய வழியில்லாமல் தண்ணீரைத் தேக்கியது நீங்கள் விட்டுப்போன பை.

திருவொற்றியூரில் மகிழடியில் சத்தியம் செய்துவிட்டு மீறிய சுந்தரருக்குக் கண் போயிற்று என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ரூ. 4,800-ஐ 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். மாற்று மரம் வேண்டாம். உங்களிடம் மிச்சமிருக்கும் ஆறடி மரங்களும் அதே மாதிரிப் பைகளில்தான் நிற்கின்றன, போன வாரம் வந்து பார்த்தேன். இரண்டடிக் கன்று ஒன்றை வேறிடத்தில் வாங்கி நானே நட்டுக்கொள்கிறேன். "வாடிக்கையாளர் தவறு" என்று உங்கள் பதிவேட்டில் எழுதியிருந்தால் அதையும் திருத்த வேண்டும்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

ரசீது நகலும் படங்களும் இணைத்துள்ளேன். பையையும் வேர்க்கட்டியையும் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாள் மாலையிலும் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்