சயாமுக்குப் போய் வந்தோம்

சுங்கை சிப்புட், மலேசியா,
வியாழக்கிழமை இரவு

அன்பு மகன் தம்பிக்கு,

டிக்கெட்டுக்கு நீ அனுப்பிய காசு வீண் போகவில்லை. பேங்காக்கில் நாலு நாள் சுற்றிவிட்டு முந்தாநாள்தான் வீடு வந்து சேர்ந்தோம். அப்பாவுக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு தன் கதையை ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ விமானத்தில் போகச் சொன்னாய். அப்பா ரயில்தான் என்று ஒரே பிடிவாதம். இங்கேயே ஏறி, எல்லையில் பாடாங் பெசாரில் இறங்கி, பாஸ்போர்ட்டில் சாப் குத்திக்கொண்டு சயாம் ரயிலில் ஏறினோம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் ஒரு பையன் வந்து இருக்கையை இழுத்து, மெத்தை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, திரையையும் மாட்டிவிட்டுப் போனான். அப்பா படுத்த உடனே குறட்டை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டில் சயாம் என்றால் ஊர் பெயர் இல்லையே. 1943-ல் ஜப்பான்காரன் ரப்பர் தோட்டத்தில் ஆள் பிடித்தபோது, மூன்று மாச வேலை என்று சொல்லி என் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. "சேதி வராத மனுஷனுக்கு நான் எப்படிக் காரியம் பண்றது?" என்பார். நாங்கள் சேட்டை செய்தால், "சயாமுக்கு ஏத்தி விட்டுடுவேன்" என்று மிரட்டுவார். அந்தச் சயாமுக்குத்தான் நான் கம்பளியும் தலையணையுமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் ஒரு பெயர்ப்பலகை கடந்தது. பான் போங். மரண ரயில் பாதை என்கிறார்களே, பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்காக நம் தோட்டத்து ஆட்களைக் கூட்ஸ் வண்டியில் அடைத்துக் கொண்டுபோய் இறக்கியது அங்கேதான். பக்கத்திலேயே ஒரு செவன் இலெவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மோட்டார் சைக்கிள்கள். அப்பாவை எழுப்புவதற்குள் ரயில் தாண்டிவிட்டது.

சரி, ஊர் கதைக்கு வருகிறேன். இறங்கிய மறுநாள் சனிக்கிழமை, சத்துசாக் சந்தை. நம்ம ஊர் ராத்திரிச் சந்தை, அந்தப் பசார் மாலாமை நூறாகப் பெருக்கிக்கொள். 15,000 கடை என்கிறார்கள், வழி தவறினால் நடுவில் இருக்கும் மணிக்கூண்டுக்கு வந்து நிற்க வேண்டியதுதான். நாங்கள் மூன்று தடவை நின்றோம். முதலில் சொல்லும் விலையைக் கேட்டு மயங்காதே. கால்குலேட்டரை நீட்டினால் நீயும் ஒரு நம்பரைத் தட்டிக் காட்டு. நம்ம ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) அவர்கள் காசு ஏழெட்டு பாட் என்று கணக்குப் போட்டுப் போட்டே எனக்குத் தலை சுற்றியது.

அரண்மனை வாசலில் ஒரு துக்துக்காரன் வழி மறித்து, இன்றைக்குப் பூட்டியாச்சு, வேறு கோயிலும் கல் நகைக் கடையும் காட்டுகிறேன் என்றான். அவனுக்குப் பின்னாலேயே கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது! ஆனால் அப்பா அரைக்கால் சட்டையில் வந்திருந்தார், வாசலில் விடவில்லை. யானைப் படம் போட்ட தொளதொள பேண்ட் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். இப்போது வீட்டிலும் அதையேதான் போட்டுக்கொண்டு திரிகிறார்.

பக்கத்தில் வாட் போ கோயில். படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், முழுசாக எங்கிருந்தும் பார்க்க முடியாது. நான் பாதத்தடியில்தான் ரொம்ப நேரம் நின்றேன். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னம். பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் ஒரு சில்லறை போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் கிணுக் கிணுக் சத்தம் விடியக்காலைத் தோட்டத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு எடுத்து வைக்கிற மாதிரியே இருந்தது.

ராத்திரி யாவராட், சீனர் தெரு. சாலையோரம் உட்கார்ந்து மாம்பழமும் புளுட் என்கிற ஒட்டரிசிச் சோறும் சாப்பிட்டோம், 120 பாட். மேலே ஊற்றும் சந்தானில், அந்தத் தேங்காய்ப்பாலில், உப்பு போடுகிறார்கள் தம்பி, ரகசியமே அதுதான். நேற்று செய்து பார்த்தேன், நம் மாம்பழம் சரிப்படவில்லை. தோம் யாம் சூப் மட்டும் நம்ம கடையிலேயே நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே வரிசையாகச் சிவப்பு நிறத் தங்கக் கடைகள். அங்கே தங்கம் 96.5 சதவீதம், நம்ம 916-ஐவிட மஞ்சள் தூக்கல். எடைக்கும் பாட் என்றுதான் பெயர். நகையில் ஒரு பாட் 15.16 கிராம், நம் இரண்டு பவுனுக்கு ஒரு கிராம்கூடக் குறையாது. பார்த்ததோடு சரி. விலை ஏறிக் கிடக்கிறது.

கடைசி நாள் சிலோம் சாலை மாரியம்மன் கோயில். 1879-லேயே தமிழர்கள் கட்டியது. வாசலில் தேங்காயும் செவ்வந்தி மாலையும் வைத்த தட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சயாம்காரர்கள். செருப்பைக் கழற்றி, முட்டி போட்டு, அவர்கள் அம்மனைக் கும்பிடுகிற அழகைப் பார்க்க வேண்டும். வரிசையில் நானும் தட்டை நீட்டினேன். குருக்கள், யார் பேருக்கு அர்ச்சனை என்று தமிழில் கேட்டார். தாத்தா பேரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், தெரியவில்லை. "இருக்காரா?" என்றார். என்ன பதில் சொல்வது? நான் முழித்ததைப் பார்த்து, சாமி பேருக்கே செய்துவிடுகிறேன் என்று தட்டை வாங்கிக்கொண்டார். வெளியே வந்தும் அப்பா ஒன்றும் பேசவில்லை, இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

மரண ரயில் பாதைக்கு, காஞ்சனபுரிக்கு, இந்தத் தடவை போகவில்லை. ஜாலியாக வந்த இடத்தில் அழ வேண்டாம் என்றார் அப்பா. நீ தீபாவளிக்கு வரும்போது நாம் மூன்று பேரும் போகலாமா? யோசித்துச் சொல்.

உனக்கு இரண்டு சட்டை எடுத்திருக்கிறேன், எல் சைஸ். சயாம் சைஸ் சின்னது என்று அப்புறம்தான் ஒருத்தி சொன்னாள். தோள் அளவை இஞ்சில் எழுதி அனுப்பு. பத்தாது என்றால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறேன். காய்ந்த மாம்பழம் ஒரு பொட்டலம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அப்பா கண்ணில் இன்னும் படவில்லை.

அம்மா