புதுசா ஒண்ணும் வாங்காதே

மார்த்தாண்டம்

மக்ளே,

நீ அனுப்பின கார் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் சுத்தைக் காட்டுற முள்ளு 700-க்கும் 1200-க்கும் நடுவுல ஏறி எறங்குது. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்ததும் ஆஃப் ஆகப் போகுது. செவ்வாய்க்கிழமை பகல்ல எடுத்திருக்கே. லீவா இருக்கும். செரி.

மொதல்ல ஒண்ணு. காயில், ஏர்ஃப்ளோ சென்சார், பம்புன்னு புதுசா ஒண்ணும் வாங்காதே. செலவில்லாத சோதனை எல்லாம் முடியட்டும்.

எனக்கு சந்தேகம் நீ மாட்டின அந்த புளோ-ஆஃப் வால்வ் மேலதான், ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்சக் காத்தத் தொறந்து விடுற வால்வ். உன் ஆக்டேவியா 1.8 டர்போவுல ஏர்ஃப்ளோ சென்சார், இன்ஜினுக்குள்ள காத்தத் தள்ளுற டர்போவுக்கு முன்னாலயே காத்த அளந்துரும். அந்த அளவுக்குத்தான் இன்ஜின் கம்ப்யூட்டர், அதான் ஈசியு, பெட்ரோல் விடும். கம்பெனி வால்வ் மிச்சக் காத்தத் திரும்ப டர்போ வாய்க்கே குடுக்கும். நீ போட்டது வெளிய விடுது. அளந்த காத்து போயிரும், பெட்ரோல் மிஞ்சும், வண்டி திணறும். இன்னொண்ணு, அதோட ஸ்பிரிங் இளக்கமா இருந்தா ஐடிலிங்ல, அதாவது வண்டி நின்ன எடத்துல ஓடும்போது, இன்ஜின் உறிஞ்சுற வேக்குவமே வால்வைத் தொறந்து வச்சிரும். அளக்காத காத்து உள்ள போகும். ஐடிலிங்ல ஓடவிட்டு வால்வ் வாய்ல ஒரு பேப்பர் துண்டு புடி. உறிஞ்சிச்சுன்னா அதேதான். பைப், கிளாம்பு எல்லாம் நீயே மாட்டின வரிசை நல்லாத்தான் இருக்கு. ஆனா புஸ்ஸுன்னு ஒரு சத்தத்துக்கு இம்புட்டு காசா?

பழைய வால்வை மாட்டிப் பாரு. அதுக்கு முன்னால அதோட சின்ன நிப்பிள்ல வாய வச்சு உறிஞ்சி நாக்கால அடை; வேக்குவம் நிக்கல்லன்னா உள்ள இருக்கிற டயஃபிரம் சவ்வு கிழிஞ்சிருக்கு.

அப்பவும் தீரல்லன்னா ஸ்கேனர மாட்டு. இன்ஜின் நல்லா சூடாகட்டும், ஏசி வேண்டாம், ஃபியூல் டிரிம் பாரு, ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு காட்டுற நம்பர். ஐடிலிங்ல பிளஸ் பத்துக்கு மேல நின்னு, 3000-ல பூஜ்யத்துப் பக்கம் வந்தா வேக்குவம் லீக். லோடு ஏற ஏற பிளஸ்ஸும் ஏறினா பெட்ரோல் பத்தல்ல, இல்லன்னா சென்சார் குறைச்சுச் சொல்லுது. எண்ணெய் போட்ட ஃபில்டர்ல இருந்து சென்சார்ல படலம் புடிக்கிறது உண்டு. மைனஸ்னா ஒழுகுற இன்ஜெக்டர், இல்லன்னா டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடுற பர்ஜ் வால்வ் மூடாம இருக்கு.

லீக் பெரும்பாலும் காத்து இன்ஜினுக்குள்ள போற மேனிஃபோல்டுக்கு அடியில, இன்ஜின் ஆவி போறதுக்குக் கெடக்கிற பிரீதர் ஹோஸ்ல. எண்ணெயில ஊறி, அடிப்பக்கம் கீறியிருக்கும். மேல நின்னு பார்த்தா தெரியாது, விரல விட்டுத் தடவணும். பிளையர்ல துணி சுத்தி ஒவ்வொரு ஹோஸா நெருக்கு. எதை நெருக்கினா ஐடிலிங் நேராகுதோ அங்கதான் ஓட்டை. பிரேக் பூஸ்டர் ஹோஸையும் விட்டுராதே. கண்டுபுடிக்க முடியல்லன்னா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு டர்போ வாய அடைச்சு அரை பார் காத்து குடுத்து, சோப்புத் தண்ணி தடவு. சூடான டர்போ பக்கத்துல கார்ப் கிளீனர் அடிக்காதே, பத்திக்கும்.

காத்தைக் கட்டுப்படுத்துற திராட்டில் பாடியைத் துடைச்சா, அதோட நிலையை ஈசியு திரும்பப் படிக்க அடாப்டேஷன் செய்யணும்: இக்னிஷன் மட்டும் ஆன், ஸ்கேனர்ல பேசிக் செட்டிங்ல 060. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் போதும்.

ஈசியு புரோகிராமை மாத்தி ரீமேப் போட்டவன் வேற ஃபைல் தாரேன்னு காசு கேப்பான். குடுக்காதே. லீக்கை வச்சுக்கிட்டு ஃபைல் மாத்தினா, பொறவு ஹோஸ் மாத்துற அன்னைக்கு பெட்ரோல் மிஞ்சி, ரிச்சா ஓடும். திரும்பவும் சொல்றேன், எதுவும் வாங்காதே. தவணை ஏதாவது இருந்தா அதை மொதல்ல பாரு.

உனக்கு ஆபீஸ்ல வேலை கூடுதல்னு அம்மைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு ஒரு போன் பண்ணு. கார் கதையை அவகிட்ட பேசாதே.

இந்த வண்டியில ஊருக்கு வராதே. ஓட்டத்துல ஆஃப் ஆனா ஸ்டியரிங் கல்லாயிரும், பிரேக்கும் ரெண்டு மூணு மிதிக்குப் பொறவு கல்லாயிரும், பலமா மிதிச்சாத்தான் புடிக்கும். ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல வா, குழித்துறை ஸ்டேஷனுக்கு நான் வாறேன். டிக்கெட்டுக்கும் கொஞ்சம் கூடுதலாவும் உன் அக்கவுண்டுல போட்டிருக்கேன். எதுக்குன்னு கேக்காதே, நானும் கேக்கல்ல.

ஐடிலிங்ல ஒண்ணு, 3000-ல ஒண்ணு, ரெண்டு டிரிம் நம்பரையும் ராத்திரிக்குள்ள அனுப்பு.

அப்பா