காலிங் பெல்லைக் கழற்றி வைத்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். காலிங் பெல்லில் பேட்டரியைக் கழற்றிவிட்டாய். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குள் குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள். கூட்டம் இருக்கும் எந்த இடத்துக்கும் அவரை நீ கூப்பிடுவதில்லை. "இன்னும் என்னென்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறாய். பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம். இதுவரை செய்ததில் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைக்க வேண்டும். அதற்கு முன்னால் ராத்திரி விஷயம், அதுதான் அவசரம்.

அவர் தூக்கத்தில் அலறும்போது தோளைப் பிடித்து உலுக்குகிறாய். இனி வேண்டாம். அந்த நொடியில் அவருக்குத் தெரிவது நீ இல்லை, மேலே குனிந்து நிற்கும் ஓர் உருவம். உன் கழுத்துக்குக் கை வந்தது அதனால்தான். கட்டிலின் கால்மாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நில். சின்ன விளக்கைப் போடு. வழக்கமாக எப்படிக் கூப்பிடுவாயோ அப்படியே, குரலை உயர்த்தாமல் கூப்பிடு. "வீட்டுலதான் இருக்கீங்க. இது நம்ம ரூம். மணி மூணு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். அறை வாசலை மறித்து நிற்காதே. வழி அடைபட்டதாகத் தோன்றினால் மிரட்சி கூடும். எழுந்து, பாதம் தரையில் பட உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும். என்ன கனவு என்று அந்த நேரத்தில் கேட்காதே. கொஞ்ச நாள் தனித்தனி அறையில் படுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலையணைக்கடியில் கத்தியோ துப்பாக்கியோ இருந்தால் அது அந்த அறையை விட்டே போக வேண்டும். இதைப் பகலில், அவர் நிதானமாக இருக்கும்போது, இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள்.

"மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா?" என்று உன் மாமியார் கேட்டாராம். இல்லை. சத்தம் கேட்ட மாத்திரத்தில் தரையில் விழுவது, கதவைப் பார்த்தே உட்காருவது, கூட்டத்தில் ஒவ்வொருவர் கையையும் கவனிப்பது, இவையெல்லாம் அங்கே அவர் உயிரைக் காத்த பழக்கங்கள். இடம் மாறியது உடம்புக்கு இன்னும் உறைக்கவில்லை. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர் சிப்பாய்களின் படபடப்பை இதயக் கோளாறாக எழுதினார். 1915இல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் சிப்பாய்களிடம் கண்ட பாதிப்பை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்றார். பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக்கோளாறு, என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980இல்தான். பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. துர்க்கனவு, தவிர்த்தல், மரத்துப்போன மனசு, எந்நேரமும் விழிப்பு, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது கோளாறு. எட்டு மாதம் ஆகிவிட்ட பிறகு 'தானாகச் சரியாகும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பக்கத்தில் குண்டு வெடித்து மயங்கி விழுந்திருக்கிறாரா என்று கேட்டு, அதையும் டாக்டரிடம் சொல். தலைக்குள் பட்ட அடியும் எரிச்சல், மறதி, தலைவலி என்றுதான் வெளியே வரும்.

இப்போது காலிங் பெல்லுக்கு வருவோம். மணி அடிக்கிறது, அவர் பதறுகிறார், நீ மணியைக் கழற்றுகிறாய், பதற்றம் அப்போதே அடங்குகிறது. ஆனால் அவர் மூளை குறித்துக்கொள்வது என்ன? 'மணி ஆபத்து, அது போனதால்தான் பிழைத்தோம்' என்பதைத்தான். அடுத்து கதவு தட்டும் சத்தம் ஆபத்தாகும். அப்புறம் விருந்தாளி, அப்புறம் தெரு. அன்பால்தான் செய்தாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கிக்கொண்டே போனால் உள்ளே இருப்பவருக்குப் போர் எப்படி முடியும்?

பதற்றம் ஓர் அலை மாதிரி. உச்சிக்குப் போகும், ஓடாமல் நின்றால் இறங்கும். அது இறங்குவதை உடம்பு தானே பார்க்க வேண்டும், சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் தவிர்க்கும் விஷயங்கள் பத்துப் பதினைந்தை ஒரு தாளில் அவரே எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மார்க் போடட்டும். 100 என்றால் தாங்கவே முடியாதது. 40 வாக்கில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்தில் 30 முதல் 45 நிமிடம், அல்லது பதற்றம் பாதியாகும்வரை இருக்க வேண்டும். அதையே தினமும், 40 என்பது 15, 20 ஆகும்வரை. பிறகுதான் அடுத்த படி. நிஜமாகவே ஆபத்தான எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது. இதைத் தெரிந்த ஒரு சைக்காலஜிஸ்ட் கூட இருந்து ஆரம்பித்து வைத்தால் நல்லது.

இது கெட்டுப்போகும் விதங்களும் எப்போதும் ஒன்றுபோலத்தான். ரோஷத்தில் முதல் நாளே 90க்குப் போவார், பாதியில் ஓடி வருவார், பயம் இரட்டிப்பாகும். அல்லது முழு நேரமும் இருப்பார், ஆனால் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, உன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்படி இருந்தால் 'சுவர் காப்பாற்றியது' என்றுதான் மூளை எழுதிக்கொள்ளும். குடித்துவிட்டுப் போனாலும் இதே கதைதான். முதலில் சில தடவை நீ கூடப் போகலாம். பிறகு பத்தடி தள்ளி நில், பிறகு வீட்டிலேயே இரு.

அங்கே நடந்ததை வீட்டில் தோண்டாதே. நினைவுக்குள் இறங்குவது பயிற்சி பெற்றவர் முன்னால் நடக்க வேண்டிய வேலை. வழி தெரிந்த முறைகள் இருக்கின்றன. நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை பொதுவாக 8 முதல் 15 அமர்வு வரை போகும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. எண்ணங்களை எழுதி அலசும் முறைக்குச் சுமார் 12 அமர்வு. கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்றும் ஒன்று உண்டு. நடுவில் இரண்டு மூன்று வாரம் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். நிறையப் பேர் விட்டுவிட்டு ஓடுவது அங்கேதான். அந்த வாரங்களில் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவதுதான் உன் வேலை. உள்ளே என்ன பேசினார் என்று கேட்காதே.

'குடித்தால்தான் தூக்கம் வருகிறது' என்கிறாராம். உண்மைதான், வரும். முன்னிரவில் அது கனவைக் கொஞ்சம் அமுக்கி வைக்கும், போதை இறங்கியதும் பின்னிரவில் கனவு பன்மடங்காக வரும். மூன்று மணி அலறலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிவிடாதே. நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் கைநடுக்கம், காய்ச்சல், பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் விட வேண்டும். டயசிபாம், அல்பிரசோலாம் வகைத் தூக்க மாத்திரைகளையும் இந்தக் கோளாறுக்கு வழிகாட்டி நெறிகள் பரிந்துரைப்பதில்லை. பழக்கமாகிவிடும், சிகிச்சையையும் மழுங்கடிக்கும். ஏற்கெனவே பல வாரமாக எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. செர்ட்ரலின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளையும் இதற்குக் கொடுப்பார்கள், அவை வேலை செய்யப் பல வாரம் பிடிக்கும். பத்து நாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று தூக்கிப்போட்டுவிடுவார், கவனி. துர்க்கனவுக்கு பிரசோசின் என்ற ரத்த அழுத்த மருந்தைச் சிலர் கொடுப்பார்கள். 2018இல் வெளியான பெரிய ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலாகத் தெரியவில்லை, ஆனாலும் பயன் கண்டவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தால், முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். பலமான குறட்டை, மூச்சு நின்று திணறல் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பலரும் கோட்டைவிடுவது இதை.

கனவுக்கு மருந்தில்லாத ஒரு வழியும் உண்டு. பகலில் ஒரு கனவை எழுதி, அதன் போக்கைத் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி, மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பார்ப்பது. மிகக் கொடூரமான கனவை முதலில் எடுக்கக் கூடாது.

பயம் ஒரு பக்கம் என்றால் குற்றவுணர்வு இன்னொரு பக்கம். தான் செய்தது, செய்யாமல் விட்டது, கண் முன்னால் நடந்தும் தடுக்க முடியாதது. "நீங்க ஒரு தப்பும் பண்ணலை" என்று அவசரமாகச் சொல்லாதே. அங்கே இல்லாத நீ அதை எப்படிச் சொல்ல முடியும் என்று தோன்றி வாயை மூடிக்கொள்வார். "சொல்லுங்க, கேக்கறேன்" என்பதோடு நிறுத்திக்கொள். 'எத்தனை பேரைச் சுட்டீங்க' என்று யாரும், பிள்ளைகளும்தான், கேட்கக் கூடாது.

கோபத்துக்கு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். யார் காட்டினாலும் பேச்சு நிற்க வேண்டும். அவர் வெளியே போகும்போது "அரை மணியில் வருகிறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், நீ பின்னாலேயே போகக் கூடாது. கை ஓங்கினால் மட்டும் இந்த ஏற்பாடெல்லாம் செல்லாது. பிள்ளைகளோடு வெளியேறு, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வேலை என்றதும் எல்லோரும் இரவுக் காவல் வேலையைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூக்கமும் கெடும், விடிய விடிய இருட்டை உற்றுப் பார்க்கும் பழைய பழக்கத்துக்குச் சம்பளமும் கிடைக்கும். பகல் வேலை, கையால் செய்யும் வேலை, விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுவது. அங்கே விசில் சத்தத்துக்கு நாள் நகர்ந்தது. இங்கே அதை யாராவது வகுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூட இருந்த பழைய நண்பர் ஒருவரோடு வாரம் ஒருமுறை போனில் பேசட்டும்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, பொருள்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாலோ, "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதே, மாத்திரை, பூச்சிமருந்து, ஆயுதம் எல்லாவற்றையும் வீட்டை விட்டு அகற்று, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போ.

இனி பேட்டரி. சனிக்கிழமை காலை, பிள்ளைகள் எழுந்த பிறகு, அவரிடம் சொல்லிவிட்டுப் போடு. முதல் நாள் அவரே வெளியே நின்று பத்துத் தடவை அழுத்தட்டும். அடுத்த நாள் அவர் உள்ளே இருக்க, "இப்ப அடிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு நீ அழுத்து. அது சலித்துப்போன பிறகு, "இந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்பவாவது அடிப்பேன்" என்று சொல். கடைசியில் பெரியவனை விட்டு, சொல்லாமலே அடிக்கச் சொல்லலாம்.

அன்புடன்,
அக்கா