றப்பராய் அனுப்பு, மச்சான்

அன்பின் மச்சானுக்கு,

நத்தார் இரவு நீ அனுப்பிய குரல் பதிவைப் பட்டறையில் எல்லாருமாய் இருந்து கேட்டோம். "ஆருக்கு ஆர் என்ன குடுத்தது எண்டு ஒண்டு விடாமல் எழுது, அடுத்த முறை நான் என்ன அனுப்பிறது எண்டும் சொல்லு" என்று கேட்டிருந்தாய். வட்ஸ்அப்பில் தட்டினால் துண்டு துண்டாய்ப் போகும். அதோடு, உன்னைப் போல ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ஊரில் இருக்கிற கார் விசரர்களுக்குப் பெட்டி கட்டுகிற ஆட்கள் கன பேர். அவர்களும் வாசிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

விடையை முதலே சொல்லிவிடுகிறேன். இனி மினுங்குகிற சாமான் வேண்டாம். றப்பர் அனுப்பு.

சிரிக்காதே. நான் லேத்தில் நிற்கிறவன். தேய்ந்த புஷ், உடைந்த ஆணி, புரி போன போல்ற், எது வந்தாலும் இரும்பிலோ பித்தளையிலோ கடைந்து கொடுத்துவிடுவேன். பொனற் பிடி இல்லையா, வெல்டிங் கடைப் பொடியன் பழசைப் பார்த்து வளைத்துத் தருவான். தகரம் போனால் தகரம் வெட்டி ஒட்டலாம். றப்பரை எந்த லேத்தில் கடைவது? பிறேக் சிலிண்டருக்குள் இருக்கிற சின்னக் கப், கண்ணாடியைச் சுற்றிப் போகிற றப்பர், ஸ்ரியரிங் ராக்கின் இரண்டு பக்கமும் இருக்கிற மடிப்பு உறை, எஞ்சின் குந்துகிற கட்டை, இவைதான் கிளிநொச்சியில் ஒரு பழைய காரை மாதக்கணக்கில் கொட்டிலுக்குள் படுக்க வைக்கின்றன.

களுத்துறையிலும் கேகாலையிலும் றப்பர் மரம் நிற்கிற நாட்டில் இருந்துகொண்டு கனடாவில் றப்பர் கேட்கிறானே என்று நீ நினைப்பாய். போர்க்லிப்ற்றுக்குப் போடுகிற திண்ம ரயர் செய்வதில் பெயர் எடுத்த நாடுதான் இது. ஆனால் 1950களின் இங்கிலாந்துக் காருக்கு ஒரு பிறேக் கப் வார்க்க அச்சு வெட்டி ஆர் மினக்கெடுவான்? கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் சில வேளை கிடைக்கும். கிடைக்கிறது என்ன றப்பர் என்றுதான் தெரியாது. பிறேக் எண்ணெய்க்கு ஒத்துவராத றப்பர் என்றால் ஊறி உப்பிவிடும். உப்பினால் பெடலை விட்ட பிறகும் பிறேக் பிடித்தபடி நிற்கும், டிரம் சூடேறி மணக்கும். அப்படி ஒரு கப் போட்டுவிட்டு யாழ்ப்பாணம் வரைக்கும் போய்வர எனக்குத் துணிவில்லை.

சரி, நத்தார்க் கதைக்கு வருகிறேன்.

மழைதான். மார்கழியில் வேறென்ன. 2018இல் நத்தாருக்குச் சில நாள் இருக்கும்போது வந்த வெள்ளம் போல இல்லை, ஆனாலும் பட்டறை வாசலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். திரேசம்மா கோயிலில் பூசை முடிந்து வேதக்காரப் பொடியள் கேக்கோடு வர, சைவக்காரர் நாங்கள் தேத்தண்ணி வைத்தோம். எங்கள் கூட்டத்தை உனக்குத் தெரியும்தானே: கணக்கு வாத்தியாரின் மொறிஸ் மைனர், ஒரு பெட்டி லான்சர், முல்லைத்தீவில் இருந்து வருகிற டொல்பின் வான், தாதி வேலை செய்கிற தங்கச்சியின் அல்ரோ, கார் இல்லாமல் வருகிற நான்.

கணக்கு வாத்தியாருக்கு இந்த முறை நாங்கள் எல்லாரும் காசு சேர்த்து பிறேக் கப் செற் ஒன்றை இங்கிலாந்தில் இருந்து எடுப்பித்தோம். உள்ளங்கையில் அடங்குகிற பொலித்தீன் பை. மனிசன் அதைப் பிரிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கப்பை எடுத்து, அதன் உதட்டைப் பெருவிரலால் மெல்ல மடக்கி விட்டார். டக்கென்று பழையபடி நிமிர்ந்தது. "உயிர் இருக்கு" என்றார். புதுப் பெட்டிக்குள் பழைய சரக்கு வந்தால் அந்த உதடு நிமிராது, நுண்ணிய வெடிப்புத் தெரியும். நீ வாங்கும்போதும் இதைத்தான் செய்துபார்க்க வேண்டும். பெட்டி எவ்வளவு வடிவு என்பதில் ஒன்றும் இல்லை.

அந்தக் கப்பைப் போடுவது வேறு கதை. மைனரில் பிறேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் பார்க்கவே பாயைத் தூக்கி, தகட்டைக் கழற்ற வேண்டும். வெளியே எடுக்க வெளிக்கிட்டால் போல்ற்றை முழுதாய் இழுக்க விடாமல் ரோர்சன் பார் என்கிற முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அலெக் இசிகோனிஸ் வரைந்த கார், 1948இல் வெளிவந்தது, இங்கிலாந்துக் கார்களில் முதன்முதல் பத்து இலட்சத்தைத் தாண்டியது என்று வாத்தியார் ஆர் வந்தாலும் பாடம் எடுப்பார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுகிற அன்று மட்டும் இசிகோனிஸ் பற்றி ஒரு நல்ல வார்த்தை வராது.

அடுத்த முறைக்கு அவருக்கு முன் கண்ணாடி றப்பர் வேண்டும். இப்போது இருக்கிறது இறுகி, மூலையால் மழை ஒழுகுகிறது. ஒழுகுகிற தண்ணீர் நேரே பாய்க்குக் கீழே போய்த் தேங்கி, தகட்டைத் தின்கிறது. தகட்டை நான் வெட்டி ஒட்டலாம். றப்பர் வராத மட்டும் வருசா வருசம் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நீ அனுப்பிய டாஷ் கமெராவை வாத்தியார் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். கோபிக்காதே, காரணம் இருக்கிறது. இன்றைய கார்களில் பற்றரியின் மைனஸ் முனைதான் காரின் உடம்போடு பூட்டியிருக்கும். அந்தக் காலத்து மொறிஸ், ஒஸ்ரின் கார்களில் பிளஸ் முனை. "உடம்பெல்லாம் கூட்டல் தம்பி, உந்தக் கமெராவைச் செருகினால் கழித்தல்தான்" என்று வாத்தியார் தன் பாணியில் விளங்கப்படுத்தினார். பற்றரி வயரை மாற்றிப் பூட்டி, டைனமோவைத் திருப்பிப் பழக்கினால் காரை இந்தக் காலத்துக்குக் கொண்டுவரலாம். செய்து தருகிறேன் என்று கேட்டும் பார்த்தேன். பிறந்தபடியே இருக்கட்டும் என்கிறார். அது அவர் கார்.

கமெரா இப்போது தங்கச்சியின் அல்ரோவில். அதுதான் சரியான இடமும். இரவு வேலை முடிந்து ஏ-9 வீதியால் மாங்குளத்துக்குத் தனியே போகிற பிள்ளை. வன்னியில் இரவில் கார் ஓடுகிறவருக்கு மாட்டைப் போல பயம் வேறொன்றும் இல்லை. மழை விட்டதும் தார் றோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாடென்றால் கிட்டப் போகும் வரைக்கும் கண் மட்டும்தான் தெரியும்.

இந்த வருசத்தின் நல்ல பரிசு எது என்று கேட்டால், லான்சர்காரன் கொடுத்ததைத்தான் சொல்வேன். எங்களில் ஒருவருக்கும் அவன் ஒன்றும் தரவில்லை! வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சிவப்பு ஸ்ரிக்கர் சுருள் ஒன்றை வாங்கி, தன் ஒழுங்கையில் இருக்கிற லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டிகள், உழவு இயந்திரப் பெட்டிகள் எல்லாவற்றின் பின்பக்கத்திலும் ஒட்டிவிட்டான். சைக்கிள் மட்காட்டுகளையும் விடவில்லை. பின் லைற் இல்லாமல் உரம் ஏற்றிக்கொண்டு மைம்மலில் வருகிற பெட்டிக்குள் தன் லான்சரைக் கொண்டுபோய்ச் செருகாமல் இருக்க இது மலிவான வழி என்கிறான். மிச்சச் சுருளை முல்லைத்தீவு வான்கார அண்ணை கேட்டு வாங்கிப் போனார். அவர் வேளைக்கே வெளிக்கிட்டுவிட்டார். மறுநாள் 26. முல்லைத்தீவுக் கரையில் அது என்ன நாள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மற்றவை சின்னச் சின்னது. மினுக்குகிற பசை இரண்டு ரியூப், யாரோ இரண்டு பேருக்கு ஒரே சாமான் வந்து மாற்றிக்கொண்டார்கள். தங்கச்சியின் மகனுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு விளையாட்டு மொறிஸ், அதை வாத்தியார் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். லண்டன் சித்தப்பா ஒருவர் எஞ்சின் பிழை வாசிக்கிற ஸ்கானர் அனுப்பினார். மொறிசிலும் லான்சரிலும் அதைச் செருக இடமே இல்லை. நாலு காருக்கு ஒன்று போதும், இனி ஒருவரும் அதை அனுப்ப வேண்டாம்.

காற்றடிக்கிற சின்னப் பம் மட்டும் எத்தனை வந்தாலும் நல்லது. கிறவல் ஒழுங்கைகளில் முள்ளும் ஆணியும், நத்தார் அன்று ரயர் கடையும் பூட்டு. ஆனால் லைற்றர் துவாரத்தில் செருகுகிற வகை வாங்காதே. பற்றரியின் இரண்டு முனையையும் நேரே கவ்வுகிற கிளிப் உள்ளதை வாங்கு. நிறம் பார்த்துக் கவ்வினால் அது மொறிசிலும் வேலை செய்யும், அல்ரோவிலும் வேலை செய்யும், உழவு இயந்திரத்திலும் வேலை செய்யும்.

காபரேற்றர் கழுவுகிற ஸ்பிறே போன்றவற்றைப் பயணப் பைக்குள் வைக்க வேண்டாம், தீப்பற்றும் என்று எடுத்துவிடுவார்கள். ரயர் ஆரும் கொள்கலனில் போட்டு அனுப்புவதென்றால் பக்கச் சுவரில் இருக்கிற கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பூ மினுக்கமாய் இருக்கிறதென்று பத்து வருசப் பழைய ரயரை அனுப்பினால் அதை நாங்கள் ஊஞ்சலுக்குத்தான் கட்டுவோம்.

கேக் முடிந்த பிறகு பழைய காலப் பரிசுகள் பற்றிக் கதை போனது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை நேரத்தில், கார்க்காரனுக்கு நத்தார்ப் பரிசு என்றால் அரைப் போத்தல் பெற்றோல்தான் என்றார் வாத்தியார். கார் ஓடியது மண்ணெண்ணெயில். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் கொஞ்சம் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். அரைப் போத்தலைச் சிக்கனமாய்ப் பாவித்தால் நெடுநாள் வரும். அந்தப் புகையின் மணம் உனக்கும் ஞாபகம் இருக்கும், மாமாவின் ஒஸ்ரின் பின் சீற்றில் இருந்து வளர்ந்தவன்தானே.

அது முடிய நான் 2022ஐ எடுத்தேன். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டை காட்டி அடித்த காலம். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நத்தாருக்கு, கியர்பொக்ஸ் உடைந்து கொட்டிலில் நின்ற தன் காரின் கியூஆர் படத்தை லான்சர்காரன் வாத்தியாருக்கு அனுப்பி, "இந்தக் கிழமை என்ர பங்கையும் அடியுங்கோ சேர்" என்றான். சட்டப்படி சரியா என்று கேட்காதே. அந்த 20 லீற்றரில் மைனர் மடு மாதா கோயிலுக்குப் போய் வந்தது, நாலு பேரோடு.

இன்னொன்றும் உனக்கு விளங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அப்பாவின் கார், அப்பப்பாவின் கார் என்று ஒரு தொடர்ச்சி இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அது இல்லை. கிளிநொச்சியில் இருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடி ஓடிக் கடைசியில் எல்லாரும் வாகனத்தை விட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவியலாய்த் துருப்பிடித்துக் கிடந்தவற்றில் மாமாவின் ஒஸ்ரினும் எங்கேயோ இருந்திருக்கும். இன்றைக்கு எங்களிடம் ஓடுகிற ஒவ்வொன்றும் அதற்குப் பிறகு வெளியூரில் காசு கொடுத்து வாங்கியது. கையில் கிடைத்ததைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குக் கூட. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் காருக்குத் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் ஒன்றும் வரவில்லை. ஆகவே இருக்கிற கார் ஓட வேண்டும், ஓடுகிற காருக்கு றப்பர் வேண்டும்.

தை மாதம் உன் தங்கச்சி குடும்பம் வருகிறது என்று மாமி சொன்னா. மைனர் 1000இன் முன் கண்ணாடி றப்பர், ராக் உறை இரண்டு, லான்சருக்குப் பின் பிறேக் ஹோஸ். பாரம் இல்லாத சாமான், உடுப்புக்கு நடுவில் சுருட்டி வைக்கலாம். றப்பரை மடித்து நசுக்காமல் இருந்தால் போதும்.

உனக்கு என்னுடைய நத்தார்ப் பரிசு இன்னும் லேத்தில்தான் இருக்கிறது. கியர் குமிழ். முதிரை. கரடிப்போக்குப் பக்கம் இடித்த ஒரு வீட்டின் கதவு நிலையில் இருந்து எடுத்த துண்டு. மஞ்சள் ரேகை மேல் பக்கம் வரும்படி வைத்துக் கடைந்து, மூன்று தரம் உப்புத்தாள் போட்டாயிற்று. அடியில் பித்தளைக் குழாய் இறுக்க வேண்டும், அதற்குள் புரி வெட்ட வேண்டும். உன் சிவிக் என்றால் 10 மில்லிமீற்றர், 1.5 புரி. ஆனால் குரல் பதிவின் கடைசியில் கார் மாற்றுகிற கதை ஒன்றும் போனது. டொயோட்டா எடுத்தால் 12, 1.25. எதற்கும் பழைய குமிழைக் கழற்றித் தண்டை அளந்து எழுது. ஓட்டோ கியர் கார் எடுக்கிற எண்ணம் என்றால் அதையும் இப்பவே சொல்லிவிடு, குமிழ் லான்சருக்குப் போகட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்,
கிளிநொச்சி