புண்ணில் எண்ணெய் பூசும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் காயங்களை ஆற்றும் தாவர எண்ணெய்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதையே அன்றாட வேலையாகச் செய்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். கட்டுரையில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் எழுதாமல் விட்டது பெரிது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதற்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. தேங்காய்ப்பாலிலிருந்து எடுத்த எண்ணெயைத் தடவிய எலிகளுக்குக் காயம் சீக்கிரம் ஆறியதாக, 2010இல் வெளியான கேரள ஆய்வு ஒன்று சொல்கிறது. சரி, ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் கத்தியால் சுத்தமாக வெட்டிய காயம். நம்மிடம் வருகிறவர் வயல் சேற்றில் மிதித்த ஆணியோடு வருகிறார். வீட்டில் தடவுவதோ எல்லாரும் தலைக்கு விரலை விட்டு எடுக்கிற அதே பாட்டில் எண்ணெய்!

டாக்கா மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் உடம்பில் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் நோய்த்தொற்று 41 சதவீதம் குறைந்தது. 2005இல் வெளிவந்த முடிவு இது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது முதிராத தோல், திறந்த புண் அல்ல. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனமாக்குவதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் கடைகளில் அதைத்தான் குழந்தைக்கு நல்லது என்று விலை வைத்து விற்கிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது சர்க்கரை நோயாளிகளின் கால். உணர்ச்சி மரத்த பாதத்தில் புண் வந்தாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசிக்கொண்டு வாரக்கணக்கில் இருந்துவிடுவார்கள். பூச்சுக்குக் கீழே சீழ் எலும்புவரை போனதே தெரியாது. விரலை, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டியதாகிவிடும். இவர்கள் வெடித்த குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், தப்பில்லை. விரல் இடுக்கில் மட்டும் கூடாது, அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. மத்தன் தைலத்தில் ஆறாத புண்கள் ஆறியதைப் பார்த்திருக்கிறேன். ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், துருசு (மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்) மூன்றும் சேர்த்துப் பக்குவமாகக் காய்ச்சுகிற தைலம் அது. ஊமத்தையும் துருசும் நஞ்சு. சித்த மருத்துவர் முதலில் புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்வார், சர்க்கரை அளவைக் கேட்பார், அப்புறம்தான் தைலத்தைத் தொடுவார். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் இதைக் கேட்டுப் பெறலாமே, வீட்டில் பரிசோதனை எதற்கு? மண்ணும் துருவும் பட்ட காயத்துக்கு எந்த எண்ணெயும் டெட்டனஸ் ஊசிக்கு ஈடாகாது என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும்.

தீபாவளி நெருங்குகிறது. பட்டாசு சுட்ட குழந்தையின் கையில் எண்ணெய் பூசினால் சூடு உள்ளேயே தங்கும், மருத்துவர் அதை வழித்தெடுக்கும்போது பிள்ளை துடித்துப்போகும். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த நான்கு வரியையாவது தீபாவளிக்கு முந்தைய இதழில், அதே மருத்துவப் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்